மூளை வரைபடங்களில் இட-வலச் சமச்சீரின்மையை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்ஆர்ஐ படங்களைக் கொண்டு மூளையின் இரு பக்கங்களையும் ஒப்பிடத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கீழே வரும் சூத்திரங்களில் 'இ' என்பது இடப்பக்க அளவு, 'வ' என்பது வலப்பக்க அளவு.

மூளை பார்வைக்குச் சமச்சீராகத்தானே இருக்கிறது? அளக்க என்ன இருக்கிறது?

முதற்பார்வைக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் பலரிடம் வலப்பக்க முன்மடல் சற்று முன்னாலும், இடப்பக்கப் பின்மடல் சற்றுப் பின்னாலும் துருத்திக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் மூளை முழுவதையும் யாரோ இடஞ்சுழியாக மெல்லத் திருகிவிட்டது போல இருக்கும். இதை யாக்கோவ்லெவ் முறுக்கு என்பார்கள். செவிப்புறணிக்கு, அதாவது மூளையின் வெளி அடுக்கான புறணியில் ஒலியைக் கையாளும் பகுதிக்கு, பின்னாலுள்ள பிளானம் டெம்போராலே என்ற தட்டையான பகுதியை கெஷ்விண்டும் லெவிட்ஸ்கியும் 1968-ல் 100 மூளைகளில் அளந்தார்கள். 65-ல் இடப்பக்கம் பெரிது, 11-ல் வலப்பக்கம் பெரிது, மீதி 24-ல் ஏறக்குறைய சமம். இந்த வேறுபாடு பிறந்த பிறகு பழக்கத்தால் வருவதும் அல்ல. கருவில் 29 முதல் 31 வாரங்களிலேயே அது தெரியத் தொடங்குவதாக 1977-ல் வெளியான ஆய்வு காட்டியது.

வேலையில் இறங்கும் முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: இவை மிகச் சிறிய வேறுபாடுகள். 17,141 பேரின் படங்களைத் திரட்டி 2018-ல் வெளியான எனிக்மா கூட்டாய்வில், மொத்த அரைக்கோள அளவில் இடப்பக்கப் புறணி சற்றே தடிமனாகவும் வலப்பக்கப் பரப்பு சற்றே அதிகமாகவும் இருந்தன. இரண்டுமே மயிரிழை அளவுதான். இரண்டு பெரிய எண்களைக் கழித்துக் கிடைக்கும் இத்தகைய சிறிய மீதியில், அளக்கும் முறை எந்த இடத்திலாவது ஒரு பக்கத்துக்குச் சாதகமாக நடந்துகொண்டால் அதுவும் சமச்சீரின்மை என்ற பெயரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அந்த ஓரவஞ்சனை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பற்றியவைதான்.

எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துவது?

இரண்டு புழக்கத்தில் உள்ளன. ஒன்று (இ − வ) / (இ + வ). மற்றொன்று (இ − வ) / ((இ + வ) / 2). ஒரு பகுதியின் தடிமன் இடப்பக்கம் 2.56 மி.மீ., வலப்பக்கம் 2.50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதல் சூத்திரம் 0.012 தரும், இரண்டாவது 0.024 தரும். தரவு அதேதான், விடை இரு மடங்கு. எதைத் தேர்ந்தாலும் குறையில்லை. எதைத் தேர்ந்தீர்கள் என்பதை எழுதாமல் விடுவதுதான் குறை. நேர்க்குறி எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்பதையும் எழுதுங்கள். சில குழுக்கள் வலத்திலிருந்து இடத்தைக் கழிக்கின்றன; அவற்றின் அட்டவணையை உங்களுடையதோடு அப்படியே சேர்த்தால் முடிவு தலைகீழாகும்.

இந்தச் சூத்திரங்கள் தடிமன், பரப்பு, கனஅளவு போன்ற எதிர்மறையாகாத அளவுகளுக்கு மட்டுமே பொருந்தும். ஒட்டுறவு எண் (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பது), செயல்பாட்டின் டி-மதிப்பு (ஒரு வேலையின்போது சமிக்ஞை எவ்வளவு தெளிவாக மாறுகிறது என்பது) போன்றவை எதிர்க்குறியிலும் வரும். இ = 0.9, வ = −0.8 என்றால் முதல் சூத்திரம் 17 என்று பொருளற்ற ஒரு விடையைத் தரும். அப்படிப்பட்ட அளவுகளுக்கு வெறும் இ − வ போதும்.

என் படத்தில் இடம் எது, வலம் எது என்று எப்படி உறுதி செய்வது?

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான். அதிகம் தவறுவதும் இங்கேதான். கதிரியக்க மரபில் நோயாளியின் வலப்பக்கம் திரையின் இடப்பக்கம் வரும். நரம்பியல் மரபில் இடம் இடமாகவே வரும். பழைய அனலைஸ் கோப்பு வடிவத்தில் பக்கத்தை நம்பகமாகக் குறிக்க வழியே இல்லை. நிஃப்டி வடிவத்தில் கோப்பின் தலைப்பகுதி அதைச் சொல்லும். ஆனால் வழியில் யாராவது தரவை மட்டும் புரட்டித் தலைப்பகுதியைத் தொடாமல் விட்டிருந்தாலோ, தலைப்பகுதியை மட்டும் மாற்றியிருந்தாலோ, படம் குறையின்றித் தெரியும், பக்கம் மட்டும் மாறியிருக்கும்.

எஃப்எஸ்எல் மென்பொருளில் படத்தை நிலையான திசைக்குத் திருப்பும் கட்டளை தரவையும் தலைப்பகுதியையும் சேர்த்தே மாற்றுவதால் அதில் ஆபத்தில்லை. திசையைப் பிடித்து மாற்றும் மற்றக் கட்டளைகளை, என்ன செய்கிறோம் என்று தெளிவாகத் தெரியாமல் தொடாதீர்கள்.

நேரடியான காப்பு ஒன்று உண்டு. படமெடுக்கும்போது வலப்பக்க நெற்றிப்பொட்டில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டிவிடுங்கள். எண்ணெய் டி1 படத்தில் (மூளையின் அமைப்பைக் காட்டும் வழக்கமான எம்ஆர்ஐ படம்) வெள்ளையாகப் பளிச்சிடும். செயல்முறைப் படங்களில் (மூளை வேலை செய்யும்போது ரத்த ஓட்டம் மாறுவதைப் பதியும் படங்கள்) அதைத் தேடாதீர்கள். அங்கே கொழுப்பின் சமிக்ஞையை அடக்கிவிடுவதால் மாத்திரை மறைந்துபோகும். டி1 படத்தோடு செயல்முறைப் படத்தைப் பொருத்தும்போது பக்கம் மாறியிருந்தாலும், மூளை கிட்டத்தட்டச் சமச்சீரானது என்பதால், பொருத்தம் நன்றாகவே தோன்றும். அதனால் செயல்முறைப் படத்தை உள்ளபடி ஒரு முறையும் புரட்டி ஒரு முறையும் பொருத்தி, எது நன்றாகப் பொருந்துகிறது என்று எண்ணால் ஒப்பிடுங்கள். ஏஎஃப்என்ஐ மென்பொருளில் இதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. அதே குழு, பொதுவில் பகிரப்பட்ட தரவுத்தொகுதிகளிலும் பக்கம் மாறிய படங்கள் இருப்பதை 2020-ல் காட்டியது. பலர் பயன்படுத்திய தரவு என்பதால் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

எம்என்ஐ 152 டெம்ப்ளேட்டில் பொருத்திவிட்டு ஒப்பிட்டால் போதாதா?

போதாது. டெம்ப்ளேட் என்பது எல்லோருடைய மூளையையும் பொருத்தி ஒப்பிட உதவும் பொது மாதிரி மூளை. வழக்கமாகப் புழங்கும் எம்என்ஐ 152 டெம்ப்ளேட்டே சமச்சீரற்றது. 152 பேரின் சராசரி முறுக்கு அதில் கலந்திருக்கிறது. அதில் பொருத்தியதும் இயல்பான சமச்சீரின்மையில் ஒரு பங்கு அழிந்துவிடும், பொருத்தத்தின் பிழை வேறொரு சமச்சீரின்மையாக நுழையும். 2009-ல் வெளியான எம்என்ஐ டெம்ப்ளேட்டுகளில் சமச்சீரான வகையும் உண்டு. வாக்ஸல் (படத்தின் சிறிய முப்பரிமாணப் புள்ளி) அளவில் வேலை செய்பவர்கள் அதையே எடுக்க வேண்டும்.

புறணியின் மேற்பரப்பில் வேலை செய்கிறீர்கள் என்றால் வழி இன்னும் நல்லது. ஃபிரீசர்ஃபர் மென்பொருளில் இரு அரைக்கோளங்களையும் சேர்த்து உருவாக்கிய சமச்சீர் மேற்பரப்பு ஒன்று உள்ளது. இடப்பக்கத்தை உள்ளபடியும், வலப்பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியும், இரண்டையும் அந்த ஒரே மேற்பரப்பில் பொருத்த வேண்டும். அதன்பின் இடப்பக்கத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் வலப்பக்கத்தில் ஒரு நேரிணை கிடைக்கும். அரைக்கோளத்துக்கு 32,492 புள்ளிகள் கொண்ட மனித மூளை இணைப்புத் திட்டத்தின் மேற்பரப்பிலும் இரு பக்கப் புள்ளிகளும் நேருக்கு நேர் பொருந்தியவை. ஃபிரீசர்ஃபரின் வழக்கமான சராசரி மேற்பரப்பில் பக்கத்துக்கு 163,842 புள்ளிகள் உள்ளன. எண்ணிக்கை சமம் என்பதைப் பார்த்து இடப்பக்கத்தின் 500-வது புள்ளியும் வலப்பக்கத்தின் 500-வது புள்ளியும் ஒரே இடம் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது தவறு.

பகுதிகளாகப் பிரிக்க எந்த அட்லஸ் நல்லது?

அட்லஸ் என்பது புறணியைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் வரைபடம். இரு பக்கமும் ஒரே பகுதிகளைக் கொண்ட அட்லஸ் வேண்டும். டெசிகன்–கில்லியானியில் பக்கத்துக்கு 34, கிளாசர் குழு 2016-ல் வெளியிட்டதில் பக்கத்துக்கு 180. இரண்டிலும் பெயருக்குப் பெயர் இணை உண்டு. ஷேஃபர் அட்லஸ் செயல் இணைப்பு ஆய்வுகளில் மிகவும் பிரபலம். ஆனால் அதன் 400 பகுதி வகையில் இடப்பக்கத்தின் 37-வது பகுதிக்கும் வலப்பக்கத்தின் 37-வது பகுதிக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. அதில் வரிசை எண்ணை வைத்துக் கழித்துக் கிடைக்கும் சமச்சீரின்மைக்குப் பொருள் கிடையாது. இணைப் பகுதிகளுக்காகவே செய்யப்பட்ட அய்ச்சா அட்லஸில் 192 ஜோடிகள் உள்ளன.

எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதே விடையை மாற்றிவிடும். பிளானம் டெம்போராலே இதற்குத் தெளிவான உதாரணம். அதன் முன்னெல்லை, செவிப்புறணி அமைந்திருக்கும் ஹெஷ்ல் மேடு. சிலருக்கு அந்த மேடு ஒரு பக்கத்தில் இரண்டாக இருக்கும். இரண்டாவது மேட்டை எல்லைக்குள் சேர்த்தால் பிளானம் பெரிதாகும், விட்டால் சிறிதாகும். பின்பக்கத்திலோ, டெம்போரல் மடலை அதற்கு மேலுள்ள பகுதியிலிருந்து பிரிக்கும் சில்வியன் பிளவு மேல்நோக்கித் திரும்பும் சுவரைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் மரபுகள் பிரிகின்றன. அந்தச் சுவர் பல மூளைகளில் வலப்பக்கம் பெரிது என்பதால், சேர்த்தால் இடப்பக்கச் சாய்வு பெருமளவு குறையும். கையால் எல்லை வரைபவருக்கு எது எந்தப் பக்கம் என்று தெரியக் கூடாது. பாதிப் படங்களைப் புரட்டிக் கொடுத்து வரையச் சொல்லுங்கள்.

மொழிச் செயல்பாட்டில் வாக்ஸல்களை எண்ணிப் பக்கச்சாய்வு எண் கணக்கிட்டேன். வரம்பை மாற்றினால் எண்ணும் மாறுகிறதே?

மாறத்தான் செய்யும். பக்கச்சாய்வு எண் என்பது, வரம்பைத் தாண்டிய வாக்ஸல்களின் எண்ணிக்கையை மேலே சொன்ன முதல் சூத்திரத்தில் போட்டுக் கிடைப்பது. ஒரே நபரின் ஒரே வரைபடத்தில் இப்படி வரலாம்: தளர்ந்த வரம்பில் இடம் 2,400 வாக்ஸல், வலம் 1,900, எண் 0.12. நடுத்தர வரம்பில் 620, 180, எண் 0.55. இறுக்கமான வரம்பில் 140, 10, எண் 0.87. 0.2-க்கு மேல் இடம், −0.2-க்குக் கீழ் வலம், இடையில் இருபக்கம் என்ற வழக்கமான மரபின்படி முதல் கணக்கில் அவர் இருபக்கத்தவர், மூன்றாவதில் உறுதியான இடப்பக்கத்தவர்.

ஒரே வரம்பில் முடிவெடுக்காமல் இருப்பதுதான் இதற்கு மருந்து. வில்கேயும் லிட்ஸ்பாவும் 2007-ல் தந்த முறையில் 20 வரம்புகளில் ஒவ்வொன்றிலும் வாக்ஸல்களில் கால்பங்கைத் தற்போக்காக 100 முறை எடுத்து, இரு பக்க மாதிரிகளையும் எல்லா விதத்திலும் இணைத்து, ஓரத்து விடைகளைக் கழித்துவிட்டு, உயர்ந்த வரம்புக்கு அதிக எடை கொடுத்துச் சராசரி காண்கிறார்கள். அதைச் செய்ய வசதி இல்லையென்றால் வரம்பை எக்ஸ் அச்சிலும் பக்கச்சாய்வு எண்ணை ஒய் அச்சிலும் வைத்து வளைகோட்டை வரையுங்கள். கோடு பூஜ்யத்தின் ஒரே பக்கத்தில் நின்றால் நம்பலாம். குறுக்கே வெட்டினால் எண்ணை வெளியிட வேண்டாம்.

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. நடுக்கோட்டுக்கு இருபுறமும் 5 மி.மீ. அளவை நீக்கிவிடுங்கள், படத்தை மென்மையாக்கும்போது (ஒவ்வொரு வாக்ஸலையும் அண்டை வாக்ஸல்களோடு சராசரியாக்கும்போது) அங்கே ஒரு பக்கத்தின் சமிக்ஞை மறுபக்கத்துக்குக் கசியும். அடுத்தது பொத்தான். பங்கேற்பவர் வலக்கையால் பொத்தானை அழுத்தினால் இடப்பக்க இயக்கப் புறணி விழிக்கும். அரைக்கோளம் முழுவதையும் எண்ணினால் அந்த விரல் அசைவு மொழிச் சாய்வாகக் கணக்கில் ஏறும். பேச்சுக்கான ப்ரோகா பகுதி, பின் டெம்போரல் பகுதி என்று தனித்தனி வட்டாரங்களில் கணக்கிடுங்கள்.

தமிழ் பேசுபவர்களுக்கு ஆங்கிலச் சோதனைகளை மொழிபெயர்த்துக் கொடுக்கலாமா?

அப்படியே கொடுக்காதீர்கள். 'இந்த எழுத்தில் தொடங்கும் சொற்களை நினையுங்கள்' என்ற சோதனையை எடுத்துக்கொள்வோம். 'க' என்று சொன்னால் ஒருவர் கடல், கரும்பு, கதவு என்பார். இன்னொருவர் காகம், கிளி, கொடி எல்லாவற்றையும் சேர்ப்பார். இருவருக்கும் சோதனையின் கடினம் ஒன்றல்ல, எனவே செயல்பாட்டின் பரப்பும் ஒன்றாக இராது. உயிர்மெய் வரிசை முழுவதும் செல்லுமா, 'க' மட்டும்தானா என்பதை உதாரணத்தோடு முதலிலேயே சொல்லிவிடுங்கள். ண, ள, ழ, ற, ன போன்றவை தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வராதவை. க, ப, ம போன்றவற்றில் நில்லுங்கள்.

பெயர்ச்சொல்லைக் காட்டி வினை கேட்கும் சோதனையில் வேறு சிக்கல். 'கத்தி' என்றால் 'வெட்டு' வரும், நல்லது. 'ஃபோன்' என்றால் 'ஃபோன் பண்ணு' வரும். பார்த்த சொல்லோடு 'பண்ணு' சேர்த்துவிட்டால் சொல் தேடும் உழைப்பே இல்லாமல் போகிறது. 'பண்ணு, செய், போடு இல்லாமல் சொல்லுங்கள்' என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடன்சொற்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 30 நொடி சோதனை, 30 நொடி ஓய்வு என்று 5 நிமிடம் ஓடினால், 2 நொடிக்கு ஒரு படம் என்ற வேகத்தில் 150 படங்கள் கிடைக்கும். மனத்துக்குள் சொல்லச் சொன்னால் தலை அசைவு குறையும், ஆனால் அவர் செய்தாரா என்பது தெரியாது. அதனால் இயந்திரத்துக்கு வெளியே ஒரு முறை வாய்விட்டுச் சொல்ல வைத்துப் பாருங்கள்.

கைப்பழக்கத்தை எப்படிப் பதிவது?

ஓல்ட்ஃபீல்ட் 1971-ல் வெளியிட்ட எடின்பரோ பட்டியலின் 10 செயல்கள்தான் பொதுவழக்கம்: எழுதுதல், வரைதல், எறிதல், கத்தரிக்கோல், பல்தேய்க்கும் பிரஷ், கத்தி, கரண்டி, துடைப்பம், தீக்குச்சி, பெட்டி மூடி. தமிழ் வீடுகளில் சிலவற்றின் பொருள் மாறுகிறது. துடைப்பக் கேள்வி, நீண்ட கழியை இரு கையால் பிடிக்கும்போது மேலே இருக்கும் கை எது என்பதைக் கேட்கிறது. குட்டையான தென்னந்துடைப்பத்தை ஒரு கையால் பிடிப்பவருக்கு அது வேறு கேள்வி. உண்பதையும் கொடுப்பதையும் வாங்குவதையும் வலக்கையால் செய்யச் சொல்லியே வளர்க்கிறோம். பிறவியிலேயே இடக்கைக்காரரானவரும் வலக்கையால் எழுதப் பழக்கப்பட்டிருக்கலாம். 'சிறுவயதில் உங்கள் கையை மாற்றினார்களா?' என்ற கேள்வியைத் தனியாகச் சேருங்கள். அதன் பதிலை 10 செயல்களின் மதிப்பெண்ணில் கலக்காமல் தனியே வையுங்கள்.

கைப்பழக்கத்தை வைத்து மொழிப் பக்கத்தை ஊகிக்காதீர்கள். க்னெக்ட் குழு 2000-ல் 326 பேரை அளந்தபோது, உறுதியான வலக்கைக்காரர்களில் 4 விழுக்காட்டினருக்கு மொழி வலப்பக்கம் இருந்தது. உறுதியான இடக்கைக்காரர்களில் 27 விழுக்காட்டினருக்கு மட்டுமே. பெரும்பாலான இடக்கைக்காரர்களுக்கும் மொழி இடப்பக்கத்தில்தான் இருக்கிறது.

பகுதிகளின் அளவை விட்டுவிட்டு, மூளையின் ஒழுங்கமைப்பையே இரு பக்கமும் ஒப்பிட முடியுமா?

முடியும். இப்போது அதிகம் பயன்படுவது சரிவு முறை. ஒவ்வொரு பகுதியும் மற்றவற்றோடு எவ்வளவு இணைந்து துடிக்கிறது என்ற அட்டவணையிலிருந்து, ஒத்த இணைப்புக் கொண்ட பகுதிகளை அருகருகே வைக்கும் ஓர் அச்சைக் கண்டுபிடிக்கிறோம். முதல் அச்சின் ஒரு முனையில் பார்வையும் தொடுவுணர்வும் இயக்கமும் நிற்கும், மறுமுனையில் ஓய்வில் விழித்திருக்கும் இயல்புநிலை வலையமைப்பு நிற்கும்.

கிளாசர் அட்லஸில் இடப்பக்கத்துக்கு 180 × 180 அட்டவணை ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் உச்சத்திலுள்ள 10 விழுக்காடு இணைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, வரிசைகளுக்கிடையே கோசைன் ஒற்றுமையை (இரு வரிசைகளின் வடிவம் எவ்வளவு ஒத்தது என்ற எண்) கணக்கிட்டு, பரவல் வரைபட முறையில் அச்சுகளைப் பெறுங்கள். பிரெய்ன்ஸ்பேஸ் என்ற இலவசக் கருவி இதைச் செய்யும். கிடைத்ததை உடனே கழித்துவிடாதீர்கள். அச்சின் குறிக்குப் பொருளில்லை, இடப்பக்கம் மேல்நோக்கியும் வலப்பக்கம் கீழ்நோக்கியும் வந்திருக்கலாம். இரண்டாவது அச்சும் மூன்றாவதும் இடம் மாறியும் வரலாம். அதனால் வலப்பக்கத்தை இடப்பக்கத்தோடு புரோகிரஸ்டஸ் முறையில் சுழற்றிப் பொருத்திய பிறகே ஒப்பிட வேண்டும். இங்கே ஒரு தராசு இருக்கிறது. பொருத்தத்தில் அதிக அச்சுகளைச் சேர்த்தால் உண்மையான வேறுபாட்டையும் சுழற்சி விழுங்கிவிடும். 3, 5, 10 அச்சுகளில் செய்து பார்த்து, முடிவு நிலைக்கிறதா என்று காட்டுங்கள்.

வலையமைப்பு அளவுகளை, அதாவது திறன் (பகுதிகளுக்கிடையே எவ்வளவு குறுகிய வழி இருக்கிறது), குழுவாக்கம் (அண்டைப் பகுதிகள் தமக்குள் எவ்வளவு இணைந்துள்ளன) போன்றவற்றை ஒப்பிடும்போது இரு பக்கத்திலும் இணைப்புகளின் அடர்த்தி ஒன்றாக இருக்க வேண்டும். ஒட்டுறவு 0.3-க்கு மேல் என்று வெட்டினால் ஒரு பக்கத்தில் 14 விழுக்காடு இணைப்புகள் மிஞ்சலாம், மறுபக்கத்தில் 11. அதிக இணைப்புள்ள பக்கம் அதிகத் திறனோடு தெரிவதில் ஆச்சரியமில்லை.

இயந்திரமே ஒரு பக்கத்துக்குச் சாதகமாக இருக்குமா?

இருக்கும். தலைச்சுருள் ஒரு பக்கம் நெருக்கமாக இருந்தால் அங்கே படம் பிரகாசமாகும், சாம்பல்-வெண் எல்லை நகரும். தலையின் இருபுறமும் சம அளவில் பஞ்சு வைத்து நேராக்குங்கள், என்4 போன்ற பிரகாசத் திருத்தம் செய்யுங்கள். செயல்முறைப் படங்களில் கட்டக் குறியீட்டுத் திசையை (ஃபேஸ் என்கோடிங்; படம் எந்தத் திசையில் இழுபடும் என்பதை முடிவு செய்யும் அமைப்பு) முன்-பின்னாக வையுங்கள். இட-வலமாக வைத்தால் படம் பக்கவாட்டில் இழுபடும். மனித மூளை இணைப்புத் திட்டத்தின் செயல்முறைத் தரவு இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என இரு திசைகளிலும் எடுக்கப்பட்டது. அதில் ஒரு திசையை மட்டும் எடுத்துச் சமச்சீரின்மை கணக்கிடுவது பெரும்பிழை, இரண்டையும் சேர்த்தே எடுங்கள்.

என் மென்பொருள் வரிசையை எப்படிச் சோதிப்பது?

ஒரே ஒரு சோதனை செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். குறைந்தது 20 பேரின் மூலப்படங்களைக் கண்ணாடிப் பிம்பமாக மாற்றி, முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை மறுபடி ஓட்டுங்கள். ஓரவஞ்சனை இல்லாத வரிசை என்றால் குறி மட்டும் மாறி அதே எண் வரும். உள்ளபடி +0.031, புரட்டியபின் −0.019 என்று வந்தால், இரண்டின் கூட்டலில் பாதியான 0.006 உங்கள் மென்பொருளின் சாய்வு. வித்தியாசத்தில் பாதியான 0.025 திருத்திய மதிப்பு. இது மென்பொருளை மட்டுமே சோதிக்கும். இயந்திரத்தின் சாய்வும் படத்தோடு சேர்ந்தே புரள்வதால் அது இதில் தெரியாது. அதற்குக் கோள வடிவ நீர்க்குப்பி ஒன்றை ஒரு முறை படமெடுத்து, 180 பாகை திருப்பி மறுபடி எடுத்துப் பாருங்கள்.

இரு பக்க அளவுகளும் நம்பகமானவை, சமச்சீரின்மை எண் மட்டும் ஏன் அலைபாய்கிறது?

கழித்தலின் குணம் அது. நம்பகத்தன்மை என்பது மறுபடி அளந்தால் விடை எவ்வளவு மாறாமல் வரும் என்பதைக் காட்டும் எண்; 1 என்றால் முழு நம்பகம். ஒவ்வொரு பக்கத்தின் நம்பகத்தன்மை 0.90, இரு பக்கங்களுக்கிடையே ஒட்டுறவு 0.80 என்றால், வித்தியாசத்தின் நம்பகத்தன்மை (0.90 − 0.80) / (1 − 0.80), அதாவது 0.50 மட்டுமே. இரு பக்கமும் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றனவோ அவ்வளவு சத்தம்தான், அதாவது தற்செயலான அளவுப்பிழைதான், மிஞ்சும். எனவே சிலரையாவது இருமுறை படமெடுத்து, சமச்சீரின்மை எண்ணின் நம்பகத்தன்மையைத் தனியாகக் கணக்கிடுங்கள். ஆட்களின் எண்ணிக்கையும் இதிலிருந்தே வருகிறது. 0.2 திட்டவிலக்கம் அளவிலான சாய்வை 80 விழுக்காடு வாய்ப்போடு பிடிக்க ஒரே குழுவில் சுமார் 200 பேர் வேண்டும். இரு குழுக்களின் சாய்வை ஒப்பிட்டு அதே அளவு வேறுபாட்டைப் பிடிக்க, குழுவுக்குச் சுமார் 400 பேர். இருபது இருபது பேரை வைத்துக்கொண்டு 'நோயாளிகளிடம் சமச்சீரின்மை குறைந்திருக்கிறது' என்று எழுதுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பக்கத்தைப் பொருட்படுத்தாமல், எவ்வளவு சமச்சீரற்றது என்று மட்டும் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் குறியை நீக்கிய எண் சத்தத்தாலேயே வீங்கும். உண்மையில் வேறுபாடே இல்லாத பகுதியில் அளவுப்பிழையின் திட்டவிலக்கம் 3 விழுக்காடு என்றால், குறி நீக்கிய சராசரி சுமார் 2.4 விழுக்காடாக வரும். அதிகம் அசையும் குழந்தைகளையும் அசையாத பெரியவர்களையும் இப்படி ஒப்பிட்டால், குழந்தைகள் அதிகச் சமச்சீரற்றவர்களாகத் தெரிவார்கள். குறியோடு சேர்த்துச் சராசரியையும் பரவலையும் தனித்தனியே கொடுங்கள்.

என் சமச்சீரின்மை வரைபடத்தை வேறொரு வரைபடத்தோடு ஒப்பிட்டேன். பி-மதிப்பு மிகச் சிறியதாக வருகிறது. நம்பலாமா?

ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணியிருந்தால் நம்ப முடியாது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. மென்மையாக்கிய பிறகு இன்னும் அதிகம். சுழற்சிச் சோதனை செய்யுங்கள்: ஒரு வரைபடத்தைக் கோளத்தின் மேல் தற்போக்காக 10,000 முறை சுழற்றி, ஒவ்வொரு முறையும் ஒட்டுறவைக் கணக்கிட்டு, உங்கள் மதிப்பு அந்தக் கூட்டத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இரு அரைக்கோளங்களையும் வைத்துச் செய்தால் ஒன்றின் சுழற்சி மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும். சமச்சீரின்மை வரைபடம் ஒரே அரைக்கோளத்தில்தான் இருக்கும், எனவே அங்கே அந்தச் சிக்கல் இல்லை. புறணி இல்லாத உட்சுவர்ப் பகுதி சுழன்று வந்து விழும் புள்ளிகளை ஒவ்வொரு சுற்றிலும் விலக்குங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியின் மொழிப் பக்கத்தை இந்த எண்ணால் முடிவு செய்யலாமா?

எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஜூன் வாடா 1949-ல் வெளியிட்ட முறையில், கழுத்துத் தமனி வழியாக அமோபார்பிட்டல் செலுத்தி ஒரு பக்கத்தைச் சில நிமிடங்கள் உறங்க வைத்து, நோயாளியால் பேச முடிகிறதா என்று நேரிலேயே பார்க்கிறார்கள். செயல்முறை எம்ஆர்ஐ பல இடங்களில் அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2017 வழிகாட்டியும், உள் டெம்போரல் வலிப்பு போன்ற நிலைகளில் மொழிப் பக்கத்தை அறிய இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. ஆனால் கட்டியோ ரத்தக்குழாய்ப் பின்னலோ அருகில் இருந்தால் ரத்த ஓட்டத்தின் இயல்பே மாறி, வேலை செய்யும் புறணியும் வரைபடத்தில் வெறுமையாகத் தெரியலாம்; பக்கச்சாய்வு எண் மறுபக்கம் சாயும். எண் −0.2-க்கும் 0.2-க்கும் இடையில் விழுந்தாலோ, இரு மொழிச் சோதனைகள் முரண்பட்டாலோ, கட்டி மொழிப் பகுதியை ஒட்டியிருந்தாலோ, வாடா சோதனையோ அறுவையின்போது நேரடி மின்தூண்டலோ தேவையா என்பதை அறுவைக் குழு முடிவு செய்யட்டும். அவர்களிடம் வெறும் எண்ணைக் கொடுக்காமல் வரம்பு வளைகோட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.